ஹிமாலயன் 411: மணாலி–லே தனியாகப் போக இந்தப் பழைய வண்டி போதுமா?

புதிய ஹிமாலயன் 450 வந்ததும், ராயல் என்ஃபீல்டின் பழைய பைக்கான ஹிமாலயன் 411-இன் கதை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். செகண்ட் ஹேண்டில் கைக்கடக்கமான விலையில் வருவதால், லடாக்கைத் தனியாகச் சுற்ற நினைப்பவர்களுக்கு எங்கள் முதல் சிபாரிசு இன்னும் இதுதான். ஆனால் 2020-க்குப் பிந்தைய பிஎஸ்-6 (புகை விதிமுறை) மாடலாகப் பாருங்கள். 2016-இன் கார்புரேட்டர் மாடல் வேண்டாம். மேலே ஏற ஏற, காற்று குறைந்து பெட்ரோல் மட்டும் அதிகமாகப் போகும். ஐடிலிங்கில், அதாவது வண்டியை நிறுத்தி இன்ஜினை மட்டும் ஓடவிட்டால், அணைந்துகொண்டே இருக்கும்.

24.3 எச்பி என்பது சமதளக் கணக்கு. 5,328 மீட்டரில் உள்ள தங்லாங் லா கணவாயில் அதில் கிட்டத்தட்ட பாதிதான் மிஞ்சும். இருந்தும் ஏறிவிடும், ஏனென்றால் 32 என்எம் டார்க் (இழுவிசை) 4,000–4,500 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடுகிறது. கடா லூப்ஸ் என்ற மலைப்பாதையின் 21 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திணறினால் உடனே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். அரை கிளட்சில் இழுத்தால் பிளேட் கருகும், அடுத்த தங்குமிடமான பாங் வரை மெக்கானிக்கை எதிர்பார்க்க முடியாது.

பெட்ரோல்தான் பெரிய கணக்கு. வழியில் உள்ள ‘தாண்டி’ என்ற ஊரின் பங்க்கில் ‘அடுத்த பங்க் 365 கி.மீ.’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். டேங்க் 15 லிட்டர். சுமையோடு, எதிர்க்காற்றில், கீழ் கியரில் ஏறினால் லிட்டருக்கு 25 கி.மீ. என்று வையுங்கள்: மொத்தம் 375. லேவுக்குச் சுமார் 35 கி.மீ. முன்னால் காரு என்ற ஊரில் பங்க் உண்டு என்றாலும் அதை நம்பி இறங்க வேண்டாம். முன்பக்க ரேக்கில் 5 லிட்டர் கேன் ஒன்று கட்டாயம். கேனை விளிம்புவரை நிரப்பாதீர்கள், உயரத்தில் உப்பி மூடியோரம் கசியும்.

பாங் தாண்டியதும் மோரே சமவெளி. சுமார் 4,700 மீட்டர் உயரத்தில் 40 கி.மீ. வரை நேர்ச் சாலை, இருபுறமும் மரமில்லா வெட்டவெளி. 80–85 வரை இன்ஜின் அமைதியாக ஓடும். நூறைத் தொட்டால் கண்ணாடியில் எதுவும் தெரியாது, ஃபுட்ரெஸ்ட் உள்ளங்காலைக் குடையும். இங்கே பக்கவாட்டுக் காற்று பலமானது. உயரமான டாப் பாக்ஸைத் தவிர்த்து, சுமையைத் தாழ்வாகச் சேணப் பைகளில் கட்டுங்கள். மீட்டரில் உள்ள திசைகாட்டியை நம்பாதீர்கள், அது அழகுக்குத்தான்.

மிகப் பெரிய குறை ட்யூப் டயர்: பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். முன்னால் 21 அங்குலம், பின்னால் 17, ஆகவே அளவுக்கு ஒன்றாக இரண்டு ட்யூப்கள், டயர் லீவர் மூன்று, சிறு பம்ப் எடுத்துக்கொள்ளுங்கள். மெயின் ஸ்டாண்டு உடன் வருவது பெரிய வரம். வீட்டிலேயே ஒருமுறை பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகாமல் தனியாகக் கிளம்புவது வீம்பு.

வண்டி சாய்ந்துவிட்டால் தூக்க வேண்டியது சுமார் 200 கிலோ. முதலில் இக்னிஷனை அணைத்து, பைகளைக் கழற்றுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை இறக்கி, முதல் கியரில் போடுங்கள். பிறகு சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கை ஹேண்டிலில், மறு கை பின்ரேக்கில், காலால் தள்ளியபடி சிறு அடியாகப் பின்னால் நகருங்கள். இரண்டு தம் போதாமல் போகலாம். அந்த உயரத்தில் அவசரப்படக் கூடாது. சரளை இறக்கங்களில் பின் ஏபிஎஸ்ஸை (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) அணைத்துவிடுங்கள், பிஎஸ்-6-இல் அதற்கான சுவிட்ச் உண்டு.

வாங்கும்போது மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்புறத்தை ஒருவர் அமுக்க, முன்சக்கரம் காற்றில் நிற்கட்டும். ஹேண்டிலை மெதுவாக இடம், வலம் திருப்புங்கள். நடுவில் வந்ததும் ‘டக்’கென்று பிடித்தால் ஸ்டியரிங் பேரிங் போய்விட்டது. அந்தச் செலவை விலையில் குறையுங்கள், மாற்றாமல் மலையேற வேண்டாம்.