சாட்ஸ்வொர்த் பல்லிக் கடை: பல்லிக்கு முழு மார்க், விவர அட்டைக்குப் பாதி

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கும் இந்தக் கடையில் சிறுத்தைப் பல்லிகளின் (லெப்பர்ட் கெக்கோ) உடம்பைக் குறை சொல்ல வழியில்லை. வால் கழுத்தளவு தடித்திருக்கிறது, விரல் நுனியில் பழைய தோல் ஒட்டியிருக்கவில்லை, டப்பாவுக்கு டப்பா ஈரப் பாசி வைத்த மறைவிடமும் கால்சியம் பொடியும் உண்டு. ஆயாமார் பலன் பார்க்கும் சுவர்ப்பல்லி இது இல்லை; இமை கொட்டும், கண்ணாடியில் ஏறத் தெரியாது. செல்லத்துக்கு ஒன்று போதும் என்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம்.

ஜோடி சேர்த்துக் குஞ்சு எடுக்கப்போகிறவர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர்கள் கூடுதல் காசு கொடுப்பது கண்ணுக்குத் தெரியாத மரபணுவுக்கு. அதற்கு இருக்கும் ஒரே சாட்சி மூடியில் ஒட்டிய அட்டை.

ஓர் அட்டையில் இப்படி இருந்தது: ‘நார்மல், 100% ஹெட் டிரெம்பர், 66% ஹெட் எக்லிப்ஸ், பெண், 41 கிராம்.’ டிரெம்பர் என்பது அல்பினோவில் ஒரு வகை (கறுப்பு நிறமி இல்லாதது), எக்லிப்ஸ் என்பது கண் கறுத்த வகை. இரண்டுமே ஒடுங்கு பண்பு. தாயிடம் ஒன்று, தந்தையிடம் ஒன்று என இரண்டு பிரதி சேர்ந்தால்தான் வெளியே தெரியும். ஒன்றே இருந்தால் அது ஹெட், பார்வைக்கு நார்மல். 100% என்றால் பெற்றோரில் ஒன்று டிரெம்பர் அல்பினோவேதான், ஆகவே ஒரு பிரதி கட்டாயம் வந்திருக்கும். 66% கதை வேறு. பெற்றோர் இரண்டும் எக்லிப்ஸுக்கு ஹெட். சராசரியாக நாலு குஞ்சில் ஒன்று எக்லிப்ஸ், இரண்டு ஹெட், ஒன்று வெறும் நார்மல். கண் கறுத்த எக்லிப்ஸைத் தனியே எடுத்துவிட்டால் மிஞ்சும் மூன்றில் இரண்டு ஹெட். எந்த இரண்டு என்று யாருக்கும் தெரியாது.

கடை தவறுவது விலையில். 66% பல்லிக்கும் 100% பல்லிக்கும் ஒரே விலை போட்டிருக்கிறார்கள். பேச்சுக்கு நார்மல் 500 ராண்ட், உறுதியான ஹெட் 800 என்று வையுங்கள். கூடுதல் 300இல் மூன்றில் இரண்டு பங்கு 200. ஆக 66%க்கு 700க்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. பேரம் பேசினால் இறங்குகிறார்கள்.

சந்தேகத்தைத் தீர்க்க அந்த 66% பெண்ணை எக்லிப்ஸ் ஆணோடு சேர்க்க வேண்டும். அவள் ஹெட் என்றால் குஞ்சுகளில் பாதி எக்லிப்ஸ். ஒன்று பொரிந்தாலே வழக்கு முடிந்தது. நாலும் நார்மலாக வந்தால் ஹெட்டாக இருக்கும் வாய்ப்பு 11%, ஆறும் நார்மல் என்றால் 3%. ஓர் ஈட்டுக்கு, அதாவது ஒரு தடவை இடுவதற்கு, இரண்டு முட்டை, ஆகவே மூன்று ஈடு காத்திருக்க வேண்டும். இதில் ஒரு கண்ணி: பெண் பல்லி விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும். கடையில் ஏற்கெனவே வேறு ஆணோடு இருந்திருந்தால் முதல் ஈடுகள் அவனுடையதாக இருக்கலாம். ஹெட் பெண்ணைச் சும்மா நார்மல் என்று தள்ளிவிடுவீர்கள். எந்தப் பெட்டியில் எவற்றோடு இருந்தாள் என்று கேட்டு வாங்குங்கள். 41 கிராமில் ஜோடி சேர்க்கவும் வேண்டாம், 50ஐத் தொடட்டும்.

பெரிய குறை கீழ்த்தட்டில் இருக்கிறது. அங்கே நாலைந்து டப்பாவில் வெறும் ‘அல்பினோ’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. கேட்டால், “எல்லாம் ஒண்ணுதாண்ணா” என்கிறார் பையன். ஒன்று இல்லை. டிரெம்பர், பெல், ரெயின்வாட்டர் மூன்றும் வெவ்வேறு மரபணு. டிரெம்பரையும் பெல்லையும் சேர்த்தால் குஞ்சு அத்தனையும் நார்மலாகப் பொரியும், ஒவ்வொன்றும் இரண்டுக்கும் ஹெட்டாக. அந்த உடன்பிறப்புகளை மறுபடி சேர்த்தால் அல்பினோ வரும், ஆனால் எந்த அல்பினோ என்று சொல்ல முடியாது, வம்சமே குழம்பிவிடும். கண் நிறத்தை வைத்து ஊகிக்கலாம், பணம் கட்டும் அளவுக்கு அது போதாது. பெயரில்லாத அல்பினோவைச் செல்லமாக மட்டும் வாங்குங்கள்.

சுவரில் மாட்டிய வரைபடத்தில் இரண்டு கோளாறு. மேக் ஸ்னோ என்ற வெளிர் நிற வகையை ஒடுங்கு பண்புப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். அது ஒரு பிரதியிலேயே தெரியும், இரண்டானால் சூப்பர் ஸ்னோ. ‘ஹெட் ஸ்னோ’ என்று ஒரு சரக்கே கிடையாது. அடுத்து, இரட்டை ஹெட் ஜோடிக்கு (இரண்டுமே ஒரே இரு பண்புக்கு ஹெட்) இரு பண்பும் வெளியே தெரியும் குஞ்சு ‘16இல் 1’ என்று பெரிதாக எழுதியதைப் பலர் உத்தரவாதமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 16 முட்டை பொரிந்தாலும் அந்த ஒன்று கிடைக்க வாய்ப்பு 64%தான். லெமன் ஃப்ராஸ்ட் என்ற நிற வகை இங்கே இல்லை, நல்லது. தோல் கட்டியோடு பிணைந்த மரபணு அது.

சின்னக் குஞ்சு மேல் ‘பெண்’ என்று எழுதியிருந்தால் அது இன்குபேட்டரின் வாக்குமூலம். முட்டை 26–28 டிகிரியில் இருந்தால் பெரும்பாலும் பெண், 32–33இல் பெரும்பாலும் ஆண். லோட்ஷெடிங் மின்வெட்டில் வெப்பம் ஏறி இறங்கியிருந்தால் அந்தக் கணக்கு தப்பும். பெரிய பல்லியைத் தூக்கி அடிவயிற்றைப் பாருங்கள். மலத்துவாரத்துக்கு மேலே தலைகீழ் V வரிசையில் துளைகள் எடுப்பாகத் தெரிந்தால் ஆண். கடையில் விற்கும் ஃபோம் பெட்டி இன்குபேட்டர் பரவாயில்லை, ஆனால் சென்சாரைச் சுவரோரம் ஒட்டிக் கொடுக்கிறார்கள். முட்டைக்குப் பக்கத்தில் மாற்றி வைத்து, இரண்டு தண்ணீர் பாட்டிலையும் உள்ளே வையுங்கள். கரண்ட் போனால் வெப்பம் மெதுவாகத்தான் இறங்கும். முட்டையின் மேல்பக்கத்தில் பென்சிலால் குறி போட்டுவிட்டு அதைப் புரட்டாமல் விடுங்கள்.

கல்லாவுக்குக் கீழே முட்டையிட்ட தேதி, தாய் தந்தை எண் எழுதிய நோட்டு ஒன்று இருக்கிறது. கேட்டால் காட்டுவார்கள். அதில் பதிவுள்ள 100% ஹெட் ஜோடியை, வெவ்வேறு தாய்க்குப் பிறந்ததாகப் பார்த்து எடுங்கள். நோட்டின் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு பணம் கட்டுங்கள்.