வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், ஸ்வார்த்மோர்: பேர் எவ்வளவு, சரக்கு எவ்வளவு?

சிங்கப்பூரில், சாங்கியில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கு பார்ப்பவள் நான். எதை வாங்கினாலும் ரசீதைப் புரட்டிப் பார்க்கிற புத்தி. மகள் அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில்தான், அதாவது பல துறைகளையும் கலந்து பெரும்பாலும் இளங்கலை மட்டும் சொல்லித் தரும் சின்னக் கல்லூரியில்தான், படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். செலவு ஆண்டுக்கு 85,000 அமெரிக்க டாலருக்கு மேல். அவ்வளவு விலை போட்ட பொருளைச் சும்மா வாங்க முடியுமா? ஜூன் விடுமுறையில் மூன்று கல்லூரிகளை நேரில் போய்ப் பார்த்தோம். மற்றவற்றை அவர்கள் இணையத்தில் நடத்தும் அறிமுகக் கூட்டங்களிலும், இங்கே இருக்கும் பழைய மாணவர்களிடம் விசாரித்தும் தெரிந்துகொண்டேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் இந்தக் கல்லூரிகளின் பேரை வைத்துக்கொண்டு ஒரு தே தாரே கூட வாங்க முடியாது. வீரமாகாளியம்மன் கோயிலில் பார்த்த தூரத்து உறவு அக்கா, "பாப்பா எங்க படிக்கப் போகுது?" என்று கேட்டார். "ஸ்வார்த்மோர்னு ஒரு காலேஜ் பாக்குறாக்கா" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "ஏம்மா, லோக்கல் யூனி கிடைக்கலையா? பரவால்ல விடு, பிரைவேட்ல படிச்சாலும் இப்பல்லாம் வேலை கிடைக்குது." நூறு பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேருக்குக்கூட இடம் தராத கல்லூரி அது. விளக்கவா முடியும்? தலையாட்டிவிட்டு வந்தேன்.

அக்காவைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. நம்மூரில் தரவரிசை என்றால் க்யூஎஸ் பட்டியல்தான். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களை அளக்கிற பட்டியல் அது. இளங்கலைப் படிப்பையே பிழைப்பாக வைத்திருக்கும் இந்தச் சின்னக் கல்லூரிகள் அதில் இடம்பெறுவதில்லை. இவற்றை வரிசைப்படுத்துவது யூஎஸ் நியூஸ் என்ற அமெரிக்கப் பட்டியல். அதன் கணக்கு முறையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மொத்த மதிப்பெண்ணில் 20 விழுக்காடு, மற்றக் கல்லூரித் தலைவர்களும் சேர்க்கை அதிகாரிகளும் ஒன்று முதல் ஐந்து வரை போடும் புள்ளி. அதாவது, பேர் இருப்பதால் புள்ளி, புள்ளி இருப்பதால் பேர். எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு கணக்கைக் கொண்டுபோய் நீட்டினால் தணிக்கையாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். நாங்கள் போன ஆலோசனை நிறுவனம் ஒன்று, ஆயிரக்கணக்கில் வெள்ளி வாங்கிக்கொண்டு, அந்தப் பட்டியலையே மூன்று வண்ணத்தில் அச்சடித்துக் கொடுத்தது. பேர் சொல்லப் போவதில்லை. அந்தப் பணம் போனது போனதுதான்.

அதனால் நான் பட்டியலை ஓரம் வைத்துவிட்டு, ஒவ்வொரு கல்லூரியின் பேரும் எதன்மேல் நிற்கிறது என்று பார்த்தேன்.

வில்லியம்ஸுக்குப் போவதே ஒரு பயணம். பாஸ்டனிலிருந்து கார் எடுத்துப் போனால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நார்த் ஆடம்ஸுக்கு முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவு வருகிறது, என் கணவர், "என்ன, கொல்லிமலைக்கு வந்துட்டமா?" என்றார். ஊரில் ரயில் நிலையம் கிடையாது. மலை, பசு, கல்லூரி, அவ்வளவுதான். 1793ல் தொடங்கியது, இப்போதும் சுமார் 2,100 மாணவர்கள்தான். யூஎஸ் நியூஸ் பட்டியலில் இருபது ஆண்டுகளாகப் பெரும்பாலும் முதலிடம் இதற்குத்தான். நம் முன்னாள் பிரதமர் கோ சோக் டோங் 1967ல் வளர்ச்சிப் பொருளியலில் முதுகலைப் பட்டம் வாங்கியது இங்கேதான். உறவினர்களிடம் இதைச் சொன்னால் கொஞ்சம் மரியாதை கிடைக்கிறது, நானே சோதித்துப் பார்த்தேன்.

ஆனால் வில்லியம்ஸின் உண்மையான சரக்கு டுட்டோரியல் என்ற வகுப்பு. ஓர் ஆசிரியர், இரண்டே மாணவர்கள். ஆக்ஸ்ஃபர்டிலிருந்து எடுத்துக்கொண்ட முறை. ஒரு வாரம் ஒருவர் கட்டுரை எழுதிக்கொண்டு வரவேண்டும், மற்றவர் அதைப் பிரித்து மேய வேண்டும். அடுத்த வாரம் முறை மாறும். ஆசிரியர் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லையாம். எங்களைச் சுற்றிக் காட்டிய மூன்றாம் ஆண்டு மாணவி சொன்னாள்: "முதல் நாள் ராத்திரி கட்டுரையைக் கூட்டாளிக்கு அனுப்பியாகணும். நீங்க படிக்காம வந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுபோகும். பின் வரிசைன்னு ஒண்ணே கிடையாது." தொடக்கக்கல்லூரி விரிவுரை அரங்கில் இருநூறு பேரோடு உட்கார்ந்து குறிப்பெடுத்துப் பழகிய என் மகள், கேட்டுக்கொண்டே நகத்தைக் கடித்தாள். மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் படித்து முடிப்பதற்குள் ஒரு டுட்டோரியலாவது எடுத்துவிடுகிறார்கள். விளம்பரத்துக்காக வைத்திருக்கும் வகுப்பு இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

ஆம்ஹெர்ஸ்ட் பங்காளி வீடு. 1821ல் வில்லியம்ஸின் தலைவரே வெளியேறி, சில மாணவர்களையும் அழைத்துக்கொண்டு வந்து இதன் முதல் தலைவரானார். அந்தப் பகை இன்னும் ஆறவில்லை. 1859ல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் பேஸ்பால் ஆட்டம் இவர்களுக்குள்தான்; ஆம்ஹெர்ஸ்ட் 73-32 என்று ஜெயித்தது. இங்கே கட்டாயப் பாடங்கள் என்று எதுவுமில்லை. முதலாண்டில் ஒரு கருத்தரங்க வகுப்பு, பிறகு எடுத்துக்கொண்ட முதன்மைத் துறை, மீதியெல்லாம் பிள்ளையின் இஷ்டம். பெரியவர்களுக்கு நல்ல ஏற்பாடு. பதினெட்டு வயதில் என் மகளிடம் இதைக் கொடுத்தால் நான்கு வருடமும் கவிதையே எடுத்துவிடுவாளோ என்ற பயம் எனக்கு. பக்கத்து நான்கு கல்லூரிகளோடு கூட்டு வைத்திருக்கிறார்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பேருந்தில் போய்ப் படிக்கலாம்.

கணக்குக்காரி கண்ணுக்கு ஆம்ஹெர்ஸ்ட் வேறு காரணத்துக்காக மின்னுகிறது. வெளிநாட்டுப் பிள்ளை பண உதவி கேட்கிறதா இல்லையா என்று பார்க்காமலேயே இடம் தருகிற விரல்விட்டு எண்ணக்கூடிய அமெரிக்கக் கல்லூரிகளில் இது ஒன்று. வில்லியம்ஸும் ஸ்வார்த்மோரும் அப்படியில்லை. சேர்த்துக்கொண்டால் தேவையானதை முழுக்கத் தருவார்கள், ஆனால் சேர்ப்பதற்கு முன்னால் நம் பையைத் தடவிப் பார்ப்பார்கள். வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட் இரண்டின் அறக்கட்டளை நிதியும் தனித்தனியே 3 பில்லியன் டாலருக்கு மேல். மாணவர் தலைக்கு வகுத்தால் ஒன்றரை மில்லியனுக்குக் குறையாது. நிதியறிக்கையைப் படித்து மலைத்துப்போனேன்.

இனி ஸ்வார்த்மோர். ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ரயில் ஏறினால் அரை மணி நேரம், இறங்கினால் எதிரே கல்லூரி. வளாகமே ஒரு மரத்தோட்டம். பாரிஷ் மண்டபத்துக்கு முன்னால் புல்வெளியில் ஒரு ராட்சத வெள்ளை மர நாற்காலி. அதில் ஏறி உட்கார்ந்து படமெடுத்துக்கொள்ளாத குடும்பமே இல்லை, நாங்களும்தான். 1864ல் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தொடங்கியது. "வேறெங்கு படித்திருந்தாலும் இது ஏ கிரேடு" என்று அச்சடித்த டீ சட்டை இவர்களுடைய பழைய நகைச்சுவை. முதலாண்டின் முதல் பருவத்தில் மட்டும் இரக்கம்: தேர்ச்சியா இல்லையா என்பதோடு சரி, மதிப்பெண் கிடையாது.

என்னைக் கவிழ்த்தது இவர்களுடைய ஹானர்ஸ் திட்டம். 1922ல் ஃபிராங்க் ஐடெலாட் என்ற தலைவர் கொண்டுவந்தது. கடைசி இரண்டு ஆண்டுகள் சின்னக் கருத்தரங்குகளில் படிக்கிறார்கள். முடிவில் பரீட்சை வைப்பவர்கள் சொந்த ஆசிரியர்கள் இல்லை. வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து அழைத்து வரப்படும் பேராசிரியர்கள் கேள்வித்தாளை எழுதி அனுப்பி, பிறகு நேரில் வந்து வாய்மொழித் தேர்வும் நடத்துகிறார்கள். ஹானர்ஸா, உயர் ஹானர்ஸா, அதற்கும் மேலா என்று முடிவு செய்வது அந்த வெளியாட்கள்தான். இங்கே ஒன்-நார்த்தில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் அந்தத் தேர்வு எழுதியவர். காப்பிக் கடையில் உட்கார்ந்து எங்களுக்குச் சொன்னார்: "வந்தவங்க எழுதின ஆய்வுக் கட்டுரையை என் விடைத்தாள்ல குறை சொல்லியிருந்தேன். மறுநாள் அவங்களே எதிர்ல உக்காந்து, 'சரி, எங்க தப்பு பண்ணேன்னு சொல்லு'ன்னாங்க. கை உதறுச்சு. ஆனா வெளிய வரும்போது அவங்க ரெண்டு இடத்துல என்னை ஒத்துக்கிட்டிருந்தாங்க."

இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். சொந்தப் பிள்ளைக்குத் தானே மார்க் போடாமல் ஊரைக் கூப்பிட்டுப் போடச் சொல்லும் கல்லூரியின் பேரை நம்பலாம். முனைவர் பட்டம் வரை போகிற பட்டதாரிகளின் விகிதத்தில் ஸ்வார்த்மோர் அமெரிக்காவின் முன்வரிசையில் இருக்கிறது. 1975 மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் டேவிட் பால்டிமோர், ஹோவர்ட் டெமின் இருவரும் இந்தக் கல்லூரியில் படித்தவர்கள். பொறியியல் பட்டமும் இங்கே உண்டு. தாத்தா பாட்டியைச் சமாதானப்படுத்த உதவும்.

பொமோனாவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்கில்லை, நேரில் போகவில்லை. கலிபோர்னியா வெயில், நடக்கிற தூரத்தில் ஹார்வி மட் உட்பட இன்னும் நான்கு இளங்கலைக் கல்லூரிகள். குளிர் தாங்காத பிள்ளைக்கு முதலில் இதைப் பாருங்கள்.

ஒரேகனில் இருக்கும் ரீட் வேறு ரகம். 1995ல் யூஎஸ் நியூஸுக்குத் தகவல் தர முடியாது என்று சொல்லிவிட்டது. அதனால் பட்டியலில் கீழே கிடக்கிறது. ஆனால் அங்கே ஓர் ஆய்வு அணு உலை இருக்கிறது, அதை இயக்குவது பெரும்பாலும் இளங்கலை மாணவர்கள். மதிப்பெண்ணைப் பதிவு செய்கிறார்கள், மாணவரிடம் வழக்கமாகக் காட்டுவதில்லை. முனைவர் பட்ட விகிதத்தில் ஸ்வார்த்மோருக்குப் பக்கத்தில் நிற்கிறது. பேரை அவர்கள் வேண்டாமென்று உதறியும் சரக்கு குறையவில்லை. எனக்கு இந்தக் கல்லூரியின்மேல் ஒரு மரியாதை. மகளுக்கு மதிப்பெண் தெரியாமல் இருக்கவே முடியாது என்பதால் பட்டியலில் சேர்க்கவில்லை.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் நம் என்யூஎஸ்ஸும் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) சேர்ந்து இங்கேயே நடத்திய கல்லூரி இருந்ததே, யேல்-என்யூஎஸ், அதைக் கேட்கிறீர்களா? 2013ல் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள், 2021 ஆகஸ்டில் மூடப்போவதாக அறிவித்தார்கள், 2025ல் கடைசி அணி பட்டம் வாங்கிக்கொண்டு போனது. சின்ன வகுப்பு, விடுதி வாழ்க்கை, பொதுப் பாடத்திட்டம் எல்லாம் இருந்தது. அங்கே படித்த பிள்ளைகள் பேசும்போது அது தெரியும். ஆனால் ஊரார் மனதில் நின்றது யேல் என்ற இரவல் பேர். அந்த இடத்தில் இப்போது என்யூஎஸ் கல்லூரி இருக்கிறது. முதன்மைத் துறையை என்யூஎஸ்ஸிலேயே படித்துக்கொண்டு, பொதுப் பாடங்களைச் சின்ன வகுப்பில் படிக்கலாம். கட்டணமும் நம்மூர்க் கட்டணம். வீட்டை அடகு வைக்கவேண்டிய நிலை வந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதற்குத்தான் அனுப்புவேன். பிள்ளை டாக்டராகவோ வக்கீலாகவோ ஆகவேண்டும் என்றால் அமெரிக்கச் சின்னக் கல்லூரி வேண்டவே வேண்டாம். அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே இரண்டு தொழிலும் செய்ய முடியாது.

மகள் ஸ்வார்த்மோர் என்கிறாள், நான் ஆம்ஹெர்ஸ்ட் என்கிறேன். இரண்டுக்கும் விண்ணப்பம் போகிறது. பண உதவிக்கு சிஎஸ்எஸ் படிவம் அக்டோபர் முதல் தேதி திறக்கும். அதில் வீட்டின் மதிப்பைக் கேட்பார்கள். அரசாங்கம் கட்டித் தந்த வீவக வீட்டின் இன்றைய சந்தை விலையைப் பார்த்தால் அமெரிக்கக்காரன் நம்மைக் கோடீஸ்வரர் என்று நினைத்துக்கொள்வான். 99 ஆண்டுக் குத்தகை என்பதையும், மத்திய சேமநிதியில் இருப்பது இப்போது எடுக்க முடியாத பணம் என்பதையும் விளக்கக் குறிப்பில் எழுதுங்கள். முதலாண்டில் கேட்காமல் விட்டுவிட்டு அடுத்த ஆண்டு கேட்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல கல்லூரிகள் அந்த வாசலைத் திறப்பதில்லை.