பட்டயக் கணக்காளர் பயிற்சியா, சீமாவா?

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் சித்தியெய்திக் கொழும்பில் அறையெடுத்துத் தங்கும் பிள்ளைகள் பலர் முதலில் தடுமாறுவது பட்டயக் கணக்காளர் பயிற்சிக்கும், சீமா (CIMA) எனும் பிரித்தானிய முகாமைக் கணக்காளர் தகைமைக்கும் இடையில்தான்.

1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம், பரீட்சைகளோடு, அங்கீகரிக்கப்பட்ட இடமொன்றில் மூன்று ஆண்டுப் பயிற்சியையும் வேண்டுகிறது. பலர், கொம்பனிகளின் கணக்குகளைச் சரிபார்க்கும் கணக்காய்வு நிறுவனங்களுக்கே செல்கின்றனர். நிதியாண்டு முடியும் மார்ச் 31 அன்று கிராண்ட்பாஸ் களஞ்சியமொன்றில் தேயிலைப் பொதிகளை ஒவ்வொன்றாக எண்ணி, களஞ்சியக் காப்பாளரின் இருப்பு அட்டையோடு ஒப்பிட்டு, ஏழு பொதி ஏன் குறைகிறது என்று அவரிடமே கேட்கும் துணிவு வகுப்பறையில் வருவதில்லை. கொடுப்பனவு குறைவு, ஏப்ரல், மே மாதங்களில் தூக்கமும் குறைவு. ஆயினும், துருவிப் பார்க்கும் குணமுள்ள பிள்ளைக்கு நான் இதையே சொல்வேன்.

1919இல் இங்கிலாந்தில் தொடங்கிய சீமாவோ பயிற்சி ஒப்பந்தம் கேட்பதில்லை. கொம்பனியொன்றின் நிதிப் பிரிவில் சம்பளத்துக்கு வேலைசெய்தபடியே படித்து, மூன்று ஆண்டு அனுபவத்தைக் காட்டலாம். பரீட்சை ஆங்கிலத்தில், கட்டணம் பவுணில். ரூபாய் சரிந்த 2022இல் இது சிறிய விடயமாக இருக்கவில்லை. செலவுக் கணக்கியலும் வரவுசெலவுத் திட்டமிடலும் இதன் பலம், ஆனால் இலங்கைக் கொம்பனியொன்றின் கணக்காய்வு அறிக்கையில் கையொப்பமிட இது மட்டும் உதவாது.