சத்திரசிகிச்சைக்கு முன் அரட்டைச் செயலியிடம் கேட்டவை

கழுத்தில் தீக்காயத் தழும்புடன் பல ஆண்டுகள் இருந்த என் அக்கா அதைச் சீராக்க முடிவெடுத்தபோது, கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலி ஒன்றிடம் தமிழில் விளக்கம் கேட்டோம். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போய், வரிசையில் காத்திருந்து, நிபுணருடன் சில நிமிடங்களே பேசக் கிடைக்கும் எங்களுக்கு இத்தகைய உதவி அவசியமாக இருந்தது.

அடிப்படை விளக்கத்தில் குறை சொல்ல முடியாது. “வெட்டி எடுத்தால் அடையாளமே இல்லாமற் போகுமா?” என்று அக்கா கேட்டதற்கு, எந்தச் சத்திரசிகிச்சையும் தழும்பை முற்றாக அழிப்பதில்லை என்றும், காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் கீலோயிட் வகையாயின் வெட்டுவதோடு நிறுத்தினால் மீண்டும் வளரக்கூடும் என்பதால் ஸ்டீரோயிட் ஊசி, சிலிக்கன் தகடு போன்றவையும் தேவைப்படலாம் என்றும், புதிய தழும்பு முதிர்ந்து நிறம் மங்க ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம் என்றும் தெளிவாகச் சொன்னது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க அக்கா கூச்சப்படவில்லை. வைத்தியர் முன் அவர் அப்படிக் கேட்டிருக்கவே மாட்டார்.

மருந்து பற்றிய பதில்தான் என்னைக் கவலைப்படுத்தியது. அக்கா இதய நோய்க்காக அஸ்பிரின் எடுப்பவர். அதை எதற்காக எடுக்கிறார் என்று விசாரிக்காமலே, ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிடும்படி செயலி எழுதியது. இதய நோயாளர் தாமாக அஸ்பிரினை நிறுத்தினால் மாரடைப்பு ஏற்படும் ஆபத்துக் கூடும். அக்காவின் மகள் அதையே ஆங்கிலத்தில் கேட்டபோது, வைத்தியரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம் என்ற எச்சரிக்கை முதல் வரியிலேயே வந்தது. தமிழில் மட்டும் வாசிப்பவருக்கு அது ஏன் மறுக்கப்பட வேண்டும்?

போர் நடந்த எங்கள் வன்னியில் எவரிடமும் முதலில் கேட்க வேண்டியதையும் அது கேட்கவில்லை: உடம்பில் செல் துண்டு (வெடித்த எறிகணையின் உலோகச் சிதறல்) இருக்கிறதா? 2009 இல் பட்டது அக்காவின் தோளில் இன்னும் இருக்கிறது என்று நாங்களாகச் சொன்ன பின்னரே, எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் முன்கூட்டியே தெரிவிக்கும்படியும், பழைய எக்ஸ்ரேயைக் கொண்டு செல்லும்படியும் கூறியது.

கேள்விகளைத் தயாரிக்க இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதன் உதவியுடன் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிச் சென்றவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியர் பதிலளித்தார்; அஸ்பிரினைத் தொடரவும் சொன்னார். மருந்தை நிறுத்துவது, சத்திரசிகிச்சைக்கு முன் உண்ணாமல் இருக்கும் நேரம் ஆகிய இரண்டையும் வைத்தியசாலையில் கேட்டே தீர்மானியுங்கள். முகம் தெரியும் படங்களைச் செயலியில் ஏற்றாதீர்கள்.