ஷெர்சருக்குக் கொடுத்த 21 கோடி டாலர்

2015 ஜனவரியில் வாஷிங்டன் நேஷனல்ஸ் பேஸ்பால் அணி, ஃப்ரீ ஏஜென்டாக (ஒப்பந்தம் முடிந்து எந்த அணியிலும் சேரலாம் என்ற நிலையில்) இருந்த மேக்ஸ் ஷெர்சர் என்ற பிட்ச்சரை, அதாவது பந்து வீசுபவரை, ஏழு வருடத்துக்கு 21 கோடி டாலர் பேசி எடுத்தது. கேள்விப்பட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்போதே அவருக்கு 30 வயது. ஒரு பிட்ச்சரின் தோளும் முழங்கையும் 37 வயது வரை தாங்கும் என்று யார் எழுதிக் கொடுப்பது? போதாததற்கு, பாதித் தொகையை 2022 முதல் 2028 வரை, வருடம் ஒன்றரைக் கோடியாகத் தருவதாக ஏற்பாடு. ஆள் போன பிறகும் கடன் நிற்கும் என்று புலம்பினேன்.

முதல் வருடமே இரண்டு நோ-ஹிட்டர், அதாவது எதிரணியை ஒரு ஹிட்கூட அடிக்க விடாத ஆட்டம். பிட்ஸ்பர்க் அணியுடன் ஆடியதில் 26 பேரை வரிசையாக அவுட் ஆக்கிவிட்டு, கடைசி ஒருவரின் முழங்கையில் பந்து பட்டு அவருக்கு பேஸ் கிடைத்ததால்தான், ஒருவரைக்கூட பேஸ் ஏற விடாத பெர்ஃபெக்ட் கேம் கைநழுவியது. 2016 மே மாதம் தன் பழைய அணியான டெட்ராய்ட்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 20 ஸ்டிரைக்அவுட் (பேட்டரை மூன்று ஸ்டிரைக்கில் வெளியேற்றுவது). அந்த வருடமும் அடுத்த வருடமும் லீகின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது.

ஆனால் என் மனதை மாற்றியது 2019 ஜூன் 19. முந்தின நாள் பேட்டிங் பயிற்சியில் பண்ட் அடிக்க (பந்தை மட்டையால் மெல்லத் தட்டிவிட) போய், பந்து முகத்தில் பட்டு அவருக்கு மூக்கு உடைந்திருந்தது. வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டேதான் மைதானத்துக்குப் பக்கத்து நேவி யார்டு ஸ்டேஷனில் இறங்கினேன். வந்தார். ஒரு கண்ணைச் சுற்றிக் கத்திரிக்காய் நிறத்தில் வீக்கம். பெரிய திரையில் அந்த முகத்தைக் காட்டியதும் என் பக்கத்து இருக்கைப் பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் ஏழு வீசினார், பத்து ஸ்டிரைக்அவுட், பிலடெல்பியாவுக்கு ஒரு ரன்கூட இல்லை. 2-0.

குறை இல்லாமலும் இல்லை. 2017 பிளேஆஃபில் (சீசன் முடிந்து நடக்கும் வெளியேற்றச் சுற்றில்) சிகாகோ கப்ஸுடன் தொடரைத் தீர்மானிக்கும் ஐந்தாவது ஆட்டம். நடுவில் வந்து ஒரே இன்னிங்ஸில் நான்கு ரன் கொடுத்தார், 9-8 என்று தோற்று வெளியேறினோம். அந்த வலி இன்னும் இருக்கிறது.

சரி, 2019 வேர்ல்டு சீரிஸுக்கு, சாம்பியனை முடிவு செய்யும் அதிகபட்சம் ஏழு ஆட்டத் தொடருக்கு, வருவோம். ஐந்தாவது ஆட்டத்தன்று கழுத்துப் பிடிப்பு; சட்டை போட மனைவி உதவ வேண்டிய நிலை. மூன்றே நாளில் ஹூஸ்டனில் ஏழாவது ஆட்டத்துக்கு, பிட்ச்சர் நின்று வீசும் மேடான மவுண்டில் நின்றார். அன்றைக்கு பந்து அவர் சொன்னபடி கேட்கவில்லை, ஏழு ஹிட், நான்கு வாக் (தவறான பந்துகளால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் பேஸ்). ஆனாலும் ஐந்து இன்னிங்ஸில் இரண்டு ரன்னோடு நிறுத்திக் கொடுத்தார். மற்றவர்கள் 6-2 என்று முடித்தார்கள். இந்த அணி வாஷிங்டனுக்கு வந்த பிறகு கிடைத்த முதல் கோப்பை.

அதே டிசம்பரில் இதே அணி தன் இன்னொரு பிட்ச்சரான ஸ்ட்ராஸ்பர்க்குக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அதன் பிறகு காயங்களால் அவரால் ஆட முடிந்தது எட்டே ஆட்டம். பாவம், அவர் மேல் குற்றமில்லை. அதைப் பார்த்த பிறகுதான் ஷெர்சர் வருடா வருடம் வந்து நின்றது எவ்வளவு அரிது என்று புரிந்தது.

2021 ஜூலையில் ஷெர்சரையும் இன்னொரு வீரரையும் டாட்ஜர்ஸ் அணிக்கு அனுப்பியபோதுகூட மாற்றாக நான்கு இளம் வீரர்கள் கிடைத்தார்கள். 2028 வரை அந்த ஒன்றரைக் கோடி போய்க்கொண்டிருக்கும். போகட்டும். எனக்கு ஒரு டாலர்கூட வருத்தமில்லை.