121 தோல்வி, 640 டாலர்: சீசன் டிக்கெட்டில் பங்கு வாங்கப் போகிறவர்களுக்கு

சிகாகோ பக்கம் இருப்பவர்களே, வைட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டங்களுக்கு "என் சீசன் டிக்கெட்டில் பங்கு தருகிறேன்" என்று யாராவது வந்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். 2024-இல் எனக்கு நடந்தது இது. தோற்கிற அணியைக் காசு கொடுத்துப் பார்த்தது என் தலையெழுத்து, அதற்கு யாரையும் குறை சொல்லவில்லை. டிக்கெட் விற்றவர் செய்தது வேறு.

மார்ச் மாதம், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்தார். நம்மூர்க்காரர்தான். பல வருஷமாகச் சீசன் டிக்கெட் வைத்திருக்கிறாராம். ஒரு டிக்கெட் 32 டாலர், இரண்டு சீட், பத்து ஆட்டம், ஆக 640. "கடைசி நேரத்துல இந்த இடம் கிடைக்காது தம்பி" என்றார். ஓர் அணிக்குச் சீசனில் 162 ஆட்டம். அதில் 81 சொந்த மைதானத்தில். மைதானத்தில் நாற்பதாயிரம் பேர் உட்காரலாம். எங்கே கிடைக்காமல் போகும்? இந்தக் கணக்கை அப்போது நான் போடவில்லை.

ஆட்டப் பட்டியல் கைக்கு வந்தபோதாவது விழித்திருக்க வேண்டும். தொடக்க நாள் ஆட்டம் அவருக்கு. ஆகஸ்டில் இதே ஊர் கப்ஸ் அணி வரும் இரண்டு ஆட்டமும் அவருக்கே. எனக்கு வந்தவை பெரும்பாலும் திங்களும் செவ்வாயும்.

அணியின் லட்சணமும் ஊரறிந்ததுதான். 2021-இல் 93 வெற்றி, 2022-இல் 81, 2023-இல் 61. அந்த மார்ச்சில் டிலன் சீஸையும் சான் டியேகோ அணிக்கு அனுப்பிவிட்டார்கள். இருந்ததில் நல்ல பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவர், அவர்தான். செய்தியைப் படித்த டிக்கெட்காரர் கையில் இருந்ததைத் தள்ளிவிடப் பார்த்தார். அதே செய்தியைப் படித்த நான் இந்த அணி 2005-இல் ஜெயித்த கோப்பையை நினைத்துக்கொண்டு பணத்தை அனுப்பினேன்.

அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். முதல் 25 ஆட்டத்தில் 3 வெற்றி. ஜூலை 10-இல் தொடங்கி ஆகஸ்ட் 5 வரை தொடர்ந்து 21 தோல்வி. பேஸ்பாலின் இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் அதற்கு முன் 1988-இல் பால்டிமோர் அணிதான் அப்படித் தோற்றிருந்தது. ஓக்லாந்தில் ஒருவழியாக ஓர் ஆட்டம் ஜெயித்தார்கள். இரண்டே நாளில் மேலாளர் பெட்ரோ கிரிஃபோலுக்கு வேலை போயிற்று. அணியை நடத்துகிற விதத்தை மாற்றாமல் மேலாளரை மாற்றி என்ன பயன்?

ஜூலை 29, திங்கள்கிழமை. என் பட்டியலில் இருந்த நாள். எரிக் ஃபெடி, மைக்கேல் கோபெக் என்று தேறுகிற பிட்ச்சர்கள் இருவரையும் வேறு அணிகளுக்குக் கொடுத்த செய்தி அன்றைக்குத்தான் வந்தது. கான்சாஸ் சிட்டியிடம் தொடர்ச்சியாக 15-ஆவது தோல்வி. எங்கள் வரிசையில் என்னையும் மனைவியையும் சேர்த்து ஐந்து பேர். கேம்ப்ஃபயர் மில்க்‌ஷேக் என்று ஒன்று அந்த வருஷம் பிரபலம், அந்தக் கடையில் மட்டும் கூட்டம். பக்கத்து சீட் பையனிடம் எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டேன். முந்தைய நாள் இரவு மறுவிற்பனைத் தளத்தில் 6 டாலருக்கு வாங்கினானாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு மனைவி ஒன்றும் கேட்கவில்லை.

சரி, ஏமாந்தது நம் அவசரத்தால் என்று விட்டிருப்பேன். செப்டம்பர் 24 வரை.

சான் டியேகோவில் 120-ஆவது தோல்வியை வாங்கிக்கொண்டு அணி ஊர் திரும்பியிருந்தது. 1962-இல் நியூயார்க் மெட்ஸ் 120 தோற்றதுதான் அதுவரை நவீன காலச் சாதனை. இன்னொன்று தோற்றால் வரலாறு. அதைப் பார்க்கவே ஜனம் திரண்டது. டிக்கெட்டுக்குத் திடீரென்று கிராக்கி. அன்றைய இரண்டு சீட்டும் என்னுடையவை.

முதலில் எல்லாம் ஆப் வழியாக என் கணக்குக்கே டிக்கெட்டை மாற்றிக் கொடுத்தவர், ஆகஸ்ட் முதல் "ஆப் தகராறு பண்ணுது" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்ப ஆரம்பித்திருந்தார். வாசலில் ஸ்கேன் செய்தால் சிவப்பு விளக்கு. அங்கிருந்த அம்மா கருவியைத் திருப்பிக் காட்டினார்: ஏற்கெனவே உள்ளே போன டிக்கெட். பின்னால் வரிசை நிற்கிறது, நான் ஓரமாக ஒதுங்கி நின்று ஃபோனில் வேறு டிக்கெட் தேடுகிறேன். போட்டிருந்த விலை ஒன்று, கட்டணங்கள் சேர்ந்து கடைசித் திரையில் வந்தது இன்னொன்று.

மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ், மூன்றாவதில்தான் உள்ளே போனேன். என் சீட்டில் இரண்டு பேர், ஒருவர் தலையில், அணியை நினைத்து வெட்கப்படுவதைக் காட்டும் காகிதப் பை. விசாரித்தேன். முந்தின இரவு இணையத்தில் வாங்கினார்களாம். அவர்கள் மேல் தப்பில்லை, பாவம், எழுந்துகொள்ளட்டுமா என்று கேட்டார்கள்.

கூட்டம் "அணியை விற்றுவிடு" என்று உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃபைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. நானும் கத்தினேன், பாதி டிக்கெட்காரருக்காக. தோல்வியைப் பார்க்க வந்தவர்கள் முன்னால் எட்டாவது இன்னிங்ஸில் மூன்று ரன் எடுத்து 3-2 என்று ஜெயித்துத் தொலைத்தார்கள்! அதோடு அந்தத் தொடரின் மூன்று ஆட்டத்தையும் ஜெயித்து, 27-ஆம் தேதி டெட்ராய்ட் போய் 121-ஐ முடித்தார்கள். தோற்றதற்குப் பரிசாக, புது வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் அடுத்த டிராஃப்டில் முதலிடமாவது கிடைத்ததா? பெரிய நகர அணிகளுக்கு அடுத்தடுத்த வருஷம் முதல் சில இடங்கள் கிடையாதாம், பத்தாவது இடம்தான்.

அவரைக் கூப்பிட்டேன். "ஏதோ சிஸ்டம் பிழை தம்பி. அதான் ஜெயிச்சாச்சே" என்றார். அதற்குப் பிறகு பதில் இல்லை. வங்கியிலோ, நீங்களே விரும்பி அனுப்பிய பணம், திரும்ப வராது என்றார்கள். கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால் முறையிட ஒரு வழி இருந்திருக்கும்.

ஆகவே ஸ்கிரீன்ஷாட்டைக் கையால் தொடாதீர்கள், ஒரே பார்கோடை எத்தனை பேருக்கும் அனுப்பலாம். உங்கள் கணக்குக்கு மாற்றி, ஆப்பில் உங்கள் பெயரில் தெரிந்த பிறகே பணம். பத்து ஆட்டத்துக்கு மொத்தமாகக் கொடுக்காதீர்கள். அணி தேறாது என்று தெரிந்தால் அன்றன்றைக்கு வாங்குவதுதான் மலிவு. 2025 மே 12 முதல் கட்டணமெல்லாம் சேர்த்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று மத்திய அரசு விதி இருப்பதால், தளங்களில் ஒப்பிடுவதும் இப்போது சுலபம்.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் வேறொரு குழுவில் அதே வரிசை, அதே இரண்டு சீட், பத்து ஆட்டம் என்று ஒரு செய்தி வந்தது. விலை 28 டாலராம். பட்டியலைத் திறந்து பார்த்தேன். கப்ஸ் ஆட்டங்கள் அதிலும் இல்லை.