துக்ளக்: செய்திக்காக அல்ல, கருத்துக்காக வாங்கும் இதழ்

அன்றைய செய்தி கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும்போது, நடந்து முடிந்தவற்றைப் பற்றி ஒருவர் என்ன நினைக்கிறார் என்பதை அறிவதற்காகக் காசு கொடுத்து ஒரு வார இதழை ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்வியோடுதான் துக்ளக்கைப் பிரித்தேன். 1970 ஜனவரி 14 அன்று சோ ராமசாமி தொடங்கிய இந்த இதழின் உயிர்நாடி கேள்வி-பதில் பகுதி. நானும் வழக்கம்போல் அதைத்தான் முதலில் படித்தேன்.

நாளிதழ் ஒரு அமைச்சரின் அறிக்கையை அப்படியே அச்சிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள, இங்கே வாசகர் கேட்கும் கேள்விக்கு இரண்டே வரியில், பெரும்பாலும் எள்ளலோடு, ஒரு தீர்ப்பே வந்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பு தவறாக இருந்தாலும், மறுத்துப் பேசுவதற்கு எதிரில் ஓர் ஆள் இருக்கிறார் என்ற நிறைவைச் செய்தி அறிக்கை தருவதில்லை. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது கறுப்பு அட்டையோடு வெளிவந்த இதழ் என்பதால், அந்தக் குரலுக்கு ஒரு மதிப்பும் சேர்ந்தது.

2016 டிசம்பரில் சோ மறைந்தபின் எஸ். குருமூர்த்தி ஆசிரியரானார். இப்போது கட்டுரைகளின் கனம் கூடியிருக்கிறது. சிரிப்பு குறைந்திருக்கிறது (எனக்கு இது பெரிய இழப்பு). இதழின் சாய்வு வெளிப்படையானது என்பதால் ஏமாற்றம் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு இங்கே எதிர்பார்க்க இயலாது. சந்தா கட்டுபவர்கள் ஒரு நாளிதழையும் நிறுத்தாமல் வைத்துக்கொள்ளலாம்.